யாருக்கும் வேண்டாத மணலில் பரங்கிக்காய்: நிலமற்ற வங்கதேசக் குடும்பங்களின் பிழைப்பு

நிலமே இல்லாதவருக்கு விவசாயப் பயிற்சி எதற்கு? பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர் எந்த மண்ணில் விதை போடுவார்? பேனர் கட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு புகைப்படத்தோடு முடிந்துபோகும் பயிற்சிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட இரண்டு மூன்றில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குள் நெடுநாளாகவே இருந்தது.

இதற்கு உருப்படியான பதில் வங்கதேசத்தின் வடக்கு மாவட்டங்களில் கிடைக்கிறது. அங்கே நிலமற்ற குடும்பங்கள், ஆறு ஒதுக்கித் தள்ளிய மணலில் பரங்கிக்காய் விளைவிக்கக் கற்றுக்கொண்டன. அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது என்ன, அது எப்படி வருமானமாக மாறியது, எந்த இடத்தில் இன்னும் சிக்கி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஆறு தின்ற ஊர்கள்

ரங்பூர், காய்பாந்தா, குரிகிராம், லால்மோனிர்ஹாட், நீல்பாமாரி. டீஸ்டாவும் தர்லாவும் பிரம்மபுத்திராவும் பாயும் மாவட்டங்கள் இவை. பிரம்மபுத்திரா இங்கிருந்துதான் ஜமுனா என்ற பெயரில் தெற்கே இறங்குகிறது. இந்த ஆறுகள் தண்ணீரை மட்டும் கொண்டு வருவதில்லை, இமயமலையின் மணலையும் வண்டலையும் சேர்த்தே சுமந்து வருகின்றன. கரைகளும் அதே மணலும் வண்டலும்தான். எனவே மழைக்காலம் வந்தால் ஆறு ஒரு கரையை அறுக்கும், இன்னோர் இடத்தில் திட்டு எழுப்பும். இன்று வயலும் வீடும் மஸ்ஜிதும் மையவாடியுமாக இருக்கும் இடம் அடுத்த வருடம் நடு ஆற்றில் கிடக்கும். தகர வீட்டைப் பிரித்து, படகிலேற்றி, வேறு இடத்தில் நிறுத்துவதை ஆயுளில் ஐந்தாறு தடவை செய்த குடும்பங்கள் அங்கே சர்வ சாதாரணம். போக இடமே இல்லாதவர்கள் வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் குடிசை போட்டுக்கொள்கிறார்கள்.

நேற்றுவரை நிலம் வைத்திருந்த விவசாயிகள் இவர்களில் ஏராளம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிலம் போய்விட்டது, உழைக்கும் கை மட்டும் மிச்சம். கூலி வேலைக்குப் போகலாம் என்றால் அதற்கும் ஒரு பருவம் உண்டு. நெல் நடவு முடிந்து அறுவடை தொடங்கும் வரை, அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வயலில் வேலை கிடையாது. வேலை இல்லாததால் கையில் காசும் கிடையாது, கடையில் அரிசி விலையோ ஏறியிருக்கும். இந்தப் பட்டினி மாதங்களுக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘மோங்கா’. சீக்கிரம் அறுவடைக்கு வரும் நெல் ரகங்களாலும், அரசின் வேலைத் திட்டங்களாலும், ஆண்கள் டாக்கா பக்கம் போய்ச் சம்பாதித்து அனுப்புவதாலும் மோங்காவின் கடுமை முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை வயதானவர்கள் மறக்கவில்லை.

மழை ஓய்ந்து ஆறு சுருங்கும்போது பரந்த மணல் திட்டுகள் வெளியே தெரியும். ‘சர்’ என்பது அவற்றின் பெயர். சில சர்களில் வண்டல் படிந்து நல்ல மண்ணாக இருக்கும். அவற்றுக்கு உடனே சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். வெறும் மணலாகக் கிடப்பவற்றை யாரும் சீண்டுவதில்லை, புல்கூட ஒழுங்காக முளைக்காது. 2005 ஆம் ஆண்டில் ‘பிராக்டிகல் ஆக்‌ஷன்’ என்ற தொண்டு நிறுவனம் காய்பாந்தா பகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்டது இந்த வெறும் மணலைத்தான்.

குழிக்குள் ஒரு வயல்

மணலுக்கு இரண்டு குறைகள். தண்ணீர் நிற்காது, சத்தும் இருக்காது. திட்டு முழுவதையும் திருத்துவது நடக்கிற காரியமில்லை. ஆனால் ஒரு பரங்கிக் கொடிக்குத் திட்டு முழுவதும் தேவையில்லையே! வேர் இருக்கும் இடம் மட்டும் நன்றாக இருந்தால் போதும், கொடி மணலின் மேல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடிக்கொள்ளும். முறையின் அடிப்படை இவ்வளவுதான். கேட்கும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த மணலைப் பார்த்து வளர்ந்த விவசாயிகளுக்கு யாராவது செய்து காட்ட வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் திட்டில் வரிசையாகக் குழிகள் வெட்டுவார்கள். குழிக்குள் நன்றாக மக்கிய சாணி எருவையும், கிடைத்தால் வண்டல் மண்ணையும் கலந்து நிரப்பிக் கொஞ்ச நாள் ஆறவிடுவார்கள். மக்காத பச்சைச் சாணியைப் போட்டால் அதன் சூட்டிலேயே நாற்று கருகிவிடும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிற விஷயம் இதுதான். பிறகு குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, முளைத்து வந்ததும் திடமான ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். முளைத்ததைப் பிடுங்க ஏழைக்கு மனம் வராது. விட்டு வைத்தால் எல்லாமே நோஞ்சானாகப் போகும் என்பதை முதல் வருட அனுபவமே சொல்லிக்கொடுத்து விடுகிறது.

தண்ணீரை முதலில் ஆற்றிலிருந்து குடத்திலும் கேனிலும் சுமந்து ஊற்றினார்கள். குழியைச் சுற்றி மட்டும் ஊற்றுவதால் வீண் இல்லை. ஆனால் ஆறு சுருங்கச் சுருங்கச் சுமக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். பலர் சேர்ந்து மணலில் ஆழமில்லாத குழாய்க் கிணறு இறக்கி, சிறு பம்பும் பிளாஸ்டிக் குழாயும் போட்டுக்கொண்டால் அந்தச் சுமை குறைகிறது. குழியின் மேல் வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஈரம் தங்கும். காய் பிடித்ததும் அதன் அடியிலும் வைக்கோல் வைக்க வேண்டும். பங்குனி வெயிலில் மணல் சுடும்போது காய் நேரடியாக அதில் கிடந்தால் அடிப்பக்கம் வெந்து அழுகிப்போகும்.

அடுத்தது பூ. பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவின் அடியில் சிறு உருண்டையாகப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், அடையாளம் அதுதான். வெறும் மணல் திட்டில் வண்டும் தேனீயும் குறைவு. எனவே காலையில் வெயில் ஏறுமுன் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி விடுகிறார்கள். தாமதித்தால் பூ மூடிக்கொள்ளும், பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். மதீனாவாசிகள் பேரீச்சை மரங்களுக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்துவந்த சம்பவமும், இத்தகைய உலகக் காரியங்களை அனுபவமுள்ள விவசாயிகளின் அறிவுக்கே நபி (ஸல்) அவர்கள் விட்டுக்கொடுத்ததும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹதீஸ் பாடத்தில் அதைப் படித்தபோது பேரீச்சை மரத்தோடு முடிந்த விஷயம் என்றே நினைத்திருந்தேன்.

பழ ஈ என்றொரு தொல்லை உண்டு. பிஞ்சில் துளையிட்டு முட்டை வைத்துவிடும், உள்ளே புழுவாகிக் காய் வீணாகும். இதற்கு மருந்தடித்துக் காசைக் கரைப்பதைவிட இனக்கவர்ச்சிப் பொறியை வைப்பது மலிவானது. ஆண் ஈக்களை இழுத்து அழிக்கும் சிறு டப்பா அது. கம்பெனி வீரிய விதையில் காய்த்த பரங்கியிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் அதே மகசூல் வராது என்பதும் பயிற்சியில் சொல்லப்பட வேண்டியவற்றில் ஒன்று. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இந்த வேலைகளில் பெரும் பங்கு பெண்களுடையது. கணவர் வெளியூரில் ரிக்ஷா இழுக்கவோ கட்டட வேலைக்கோ போயிருப்பார். காலை நேரப் பூ வேலை, தண்ணீர் ஊற்றுதல், வைக்கோல் வைத்தல் எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில்தான். நகரத்து அரங்கில் வகுப்பு வைத்தால் இவர்களில் யாரும் வர முடியாது. வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசும் கூட்டம்தான் அங்கே வகுப்பறை, மணல் திட்டுதான் கரும்பலகை. நம் பக்கத்தில் பயிற்சி நடத்துகிறவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம்.

காத்திருக்கும் காய்

சோதனைக்குப் பரங்கிக்காயைத் தேர்ந்தெடுத்ததில்தான் முழு வெற்றியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது, பந்தியில் வைத்தால் இலையோரம் ஒதுங்கும். ஆனால் தக்காளியோ கத்தரியோ பறித்த சில நாட்களில் விற்றாக வேண்டும். வியாபாரி சொன்னதுதான் விலை. பரங்கி அப்படியல்ல. தோல் நன்றாக முற்றிய பிறகு காம்போடு அறுத்து, அடிபடாமல் எடுத்து வந்து, வீட்டுக்குள் மூங்கில் பரண் கட்டிக் காற்றோட்டமாக அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிர்பதனக் கிடங்கு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஒரு குடும்பம் 100 குழி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு 4 காய் நின்றால் 400 காய். காய்க்கு 3 கிலோ என்று கணக்கிட்டாலும் 1,200 கிலோ. மார்ச், ஏப்ரலில் எல்லாருடைய காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும்போது விலை விழும். செலவுக்கு வேண்டியதை மட்டும் அப்போது விற்றுவிட்டு மீதியைப் பரணில் ஏற்றிய குடும்பம், மழைக்காலத்தில் மற்ற காய்கறிகள் வெள்ளத்தில் போன பிறகு ஒவ்வொன்றாக இறக்கி விற்கிறது. செப்டம்பர், அக்டோபரில், மோங்கா மாதங்களிலேயே, வீட்டுக்குள் விற்கவும் சமைக்கவும் காய் இருக்கிறது. அதன் மஞ்சள் சதையில் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் சத்து இருப்பது குழந்தைகளின் கண்ணுக்கு நல்லது. கொழுந்து இலையையும் பூவையும்கூட அங்கே சமைக்கிறார்கள்.

செழிப்பான வருடங்களின் தானியத்தைப் பஞ்ச வருடங்களுக்காகக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இந்த இடத்தில் யாருக்கும் நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம், அங்கே கிடங்கு அரசனுடையது. இங்கே கிடங்கு கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.

ஆனால் சேமித்து வைக்க அந்தக் குடும்பத்தால் முடிய வேண்டும் அல்லவா? வங்கதேசக் கிராமங்களில் ‘தாதன்’ என்றொரு முறை உண்டு. விதைக்கும் சமயத்தில் வியாபாரி முன்பணம் கொடுப்பார். விளைந்ததும் அவருக்கே, அவர் சொல்லும் குறைந்த விலையில் கொடுத்துவிட வேண்டும். இதைச் சிலர் ‘பைஉஸ் ஸலம்’ என்ற அனுமதிக்கப்பட்ட முன்பண வியாபாரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஸலமில் பொருளின் தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும், முழு விலையும் அப்போதே கையில் தரப்பட வேண்டும். தாதனில் கொடுப்பது கடன், அந்தக் கடனைக் காட்டி விலையைக் கீழே அழுத்துவது வியாபாரம். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை ஹதீஸ் தடுத்திருக்கிறது. தாதன் வாங்கிய வீட்டில் பரண் காலியாகத்தான் இருக்கும், எவ்வளவு நன்றாகப் பயிற்சி எடுத்திருந்தாலும்.

அதனால்தான் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் பயனில்லை என்கிறோம். அதே நாட்டில் பிராக் நிறுவனம் 2002 இல் மிக வறிய குடும்பங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. தொழிலுக்கான சொத்து, பயிற்சி, சில காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவித்தொகை, அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஓர் ஆள், இவ்வளவையும் இரண்டு வருடங்களுக்குச் சேர்த்தே கொடுப்பது அதன் முறை. இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளில் இதே முறையைச் செய்து பார்த்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு, திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பின்னும் குடும்பங்களின் முன்னேற்றம் நீடித்ததைக் காட்டியது. சாப்பாட்டுச் செலவுக்கு யாராவது தோள் கொடுத்தால்தான் காய் பரணில் காத்திருக்க முடியும். நமது ஃபிக்ஹிலும் இந்தப் பார்வை இருக்கிறது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழில் கருவியை வாங்கப் போதுமான அளவு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எரு, விதை, பம்பு எல்லாம் தொழில் கருவிதானே. ரமளானில் வாசலில் வரிசை நிற்க வைத்து நோட்டு நீட்டுவதைவிட இது சிரமமான வேலை, உண்மைதான்.

மணல் யாருடையது?

இனி வருவதுதான் சிக்கலான பகுதி. வெறும் மணலாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. பச்சைக் கொடி படர்ந்ததும் கேட்பதற்கு ஆள் வருகிறது. “இது என் பாட்டனார் நிலம், ஆற்றில் போனது” என்று ஒருவர் வருவார். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று வெள்ளம் வந்து திட்டின் மேல் வண்டல் படிந்துவிட்டால் அது நெல்லும் மக்காச்சோளமும் விளையும் நிலமாகிவிடும். பிறகு குழி போட்டவர்கள் அடுத்த மணலைத் தேடிப் போக வேண்டியதுதான்.

வங்கதேசச் சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு முறை திசை மாறியிருக்கிறது. நாடு உருவான மறுவருடம், 1972 இல் வந்த ஜனாதிபதி ஆணை, ஆற்றில் போய் மீண்டும் எழும் நிலம் அரசுக்கே சேரும் என்றது. அரசு நிலமாக, அவர்கள் மொழியில் ‘காஸ்’ நிலமாக ஆனால், நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது எண்ணம். 1994 இல் செய்த திருத்தம், 30 ஆண்டுகளுக்குள் நிலம் மீண்டும் எழுந்தால் பழைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ உரிமை உண்டு என்று மாற்றியது. நிலத்தை ஆற்றில் இழந்த சிறு விவசாயிக்கு இது நியாயமாகப் படும். ஆனால் 25 வருடத்துக்கு முந்தைய பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் யார்? வீட்டையே ஐந்து தடவை பிரித்துக் கட்டியவரா, நகரத்தில் மாடி வீட்டில் இருப்பவரா? கையில் தடியோடு ஆள் அனுப்பக்கூடியவர் யார்? சர் பகுதிகளில் அடிதடியும் வழக்கும் ஓயாததற்குக் காரணம் இதுதான்.

மதரஸாவில் ஹிதாயா ஓதிய காலத்தில் ‘இஹ்யாவுல் மவாத்’, அதாவது தரிசை உயிர்ப்பித்தல் என்ற பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனோம். இந்தக் காலத்தில் ஆளில்லாத நிலம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு ஓர் அலட்சியம். யாருக்கும் சொந்தமில்லாத, பயன்படாத நிலத்தை உழைத்து உயிர்ப்பித்தவருக்கு அது உரியதாகும் என்பது ஹதீஸின் அடிப்படையிலான சட்டம். அதற்கு ஆட்சியாளரின் அனுமதி தேவை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவருடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அனுமதி அவசியமில்லை என்றார்கள். அதே பாடத்தில் ஆறு விட்டு விலகிய நிலத்தைப் பற்றியும் ஒரு சட்டம் வருகிறது. யூப்ரடீஸோ டைக்ரிஸோ விலகிப்போன இடத்துக்குத் தண்ணீர் மீண்டும் வர வாய்ப்பிருந்தால் அதை யாரும் இஹ்யா செய்து சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, அது ஆறாக இருப்பது பொதுமக்களின் தேவை. திரும்பி வர வாய்ப்பே இல்லை என்றால் மற்றத் தரிசு நிலத்தின் சட்டம்தான் அதற்கும்.

டீஸ்டாவின் மணலுக்குத் தண்ணீர் வருடந்தோறும் திரும்பி வருகிறது. சில சமயம் எதிர்பாராமலும் வருகிறது. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் பனி ஏரி உடைந்து டீஸ்டாவில் இறங்கிய வெள்ளத்தை நாம் செய்தியில் பார்த்தோம். எனவே இந்த மணலுக்குப் பட்டா கேட்பதில் பெரிய அர்த்தமில்லை. குழி வெட்டுகிற குடும்பத்துக்கு வேண்டியது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆறே மாதம், “இங்கே நீங்கள் பயிர் செய்துகொள்ளுங்கள், வேறு யாரும் கேட்க மாட்டார்கள்” என்ற ஓர் உறுதி. அது வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைத் தனி ஆளாகப் போய்க் கேட்டால் நடக்காது. முப்பது நாற்பது குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, உள்ளூர் யூனியன் பரிஷத் தலைவரையும் நிலத்துக்கு உரிமை கொண்டாடுகிறவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசினால் ஓரளவு நடக்கும். மத்தியஸ்தத்துக்கு ஊர் மஸ்ஜிதின் இமாமும் இருந்தால் பேச்சுக்குக் கனம் கூடும். உரிமையாளருக்கும் இதில் நஷ்டமில்லை. வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் குழிக்குழியாக எருவும் வைக்கோலும் விழுந்து மண் கொஞ்சம் தேறுகிறது. அறுவடை முடிந்து இரண்டொரு மாதத்தில் ஆறு ஏறி வந்து திட்டை மூடிவிடும், அப்போது யாருடைய கொடியும் அங்கே இருக்காது. அடுத்த அக்டோபரில் எந்தத் திட்டு எங்கே எழும் என்பது அந்தக் குழுவுக்கும் தெரியாது, பத்திரம் வைத்திருப்பவருக்கும் தெரியாது. தண்ணீர் வடிந்ததும் புதிதாகப் போய்ப் பார்த்து, புதிதாகத்தான் பேச வேண்டும்.